தொட்டிகளில் வளர்க்கும் சதைப்பற்றுள்ள செடிகளுக்கு நேரும் பூச்சி உபத்திரவமும் அதன் பரிகாரமும்

வீட்டு முற்றத்திலும் தாழ்வாரத்திலும் சோற்றுக்கற்றாழை, பிரண்டை, கற்பூரவள்ளி, ரணகள்ளி, மருள் முதலிய செடிகளைத் தொட்டிகளிலும் உடைந்த குடங்களிலும் வைத்து வளர்ப்பது கிராமங்களில் தொன்றுதொட்டு நடைபெற்றுவரும் வழக்கமாகும். இவற்றுட் சில கைமருந்துக்கும், சில துவையலுக்கும், சில அழகுக்கும் உபயோகப்படுகின்றன. கற்றாழையை வேரோடு பிடுங்கி வாசல் நிலையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவோரும் உளர். சமீப வருஷங்களில் அடினியம், பலவகைக் கள்ளிகள் முதலிய அழகுச் செடிகளை நர்சரிகளிலிருந்து விலைக்கு வாங்கிவந்து வைக்கும் பழக்கமும் கிராமங்களில் பரவியிருக்கிறது.

இச்செடிகள் தண்ணீர் இல்லாமலே பல வாரம் தாங்கக்கூடியவையாதலால், இவற்றிற்கு யாதொரு பீடையும் வராது என்று பலரும் அசட்டையாக இருந்துவிடுகின்றனர். இது தவறான எண்ணம். தொட்டியில் இரண்டு செடிகள் பட்டுப்போவது ஒரு குடியானவருக்குப் பெரிய நஷ்டமன்றாயினும், அத்தொட்டியில் விருத்தியாகும் பூச்சியின் இனங்களிற் பல, கொல்லைப்புறத்திலுள்ள பப்பாளி, கொய்யா, செம்பருத்தி முதலியவற்றிற்கும், அப்பால் வயலிலுள்ள பருத்தி, மரவள்ளி, மல்பெரி முதலிய பயிர்களுக்கும் சத்துருக்களாக இருக்கின்றன. தொட்டியில் கவனியாது விட்ட பூச்சி தோட்டத்திற்குப் போகும். தோட்டத்தில் பரவிய பின் அதனை ஒழிப்பது பணச்செலவும் பிரயாசையும் உள்ள காரியம். ஆகவே இவ்விஷயம் நிலமுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டியதொன்றாகும்.

செடிகளின் சுபாவம்

சதைப்பற்றுள்ள செடிகள் தமக்கு வேண்டிய தண்ணீரை இலையிலேனும், தண்டிலேனும், வேரிலேனும் சேமித்து வைத்துக்கொள்கின்றன. அத்தண்ணீர் ஆவியாகிப் போகாதபடி மேல்தோலின்மீது மெழுகு போன்ற ஒரு பூச்சு அமைந்திருக்கிறது. சில செடிகளின் இலைமீது சாம்பல் பூத்தாற்போலத் தோன்றுவது இம்மெழுகேயாம்.

இச்சுபாவத்தினின்று இரண்டு காரியங்கள் விளைகின்றன. முதலாவது, பூச்சி சாற்றை உறிஞ்சத் தொடங்கியும் செடி தன் சேமிப்பைக்கொண்டு வெகுநாள் தாக்குப்பிடிப்பதால், கேடு வெளியே தெரிவதற்குள் பூச்சி பல தலைமுறை பெருகிவிடுகிறது. நெற்பயிரில் சில நாட்களில் தெரியும் வாட்டம் கற்றாழையில் தெரிய மாதங்கள் செல்லும். இரண்டாவது, எண்ணெயும் காரமான சோப்பும் மேற்சொன்ன மெழுகைக் கரைத்துவிடுமாதலால், மற்றச் செடிகளுக்குத் தெளிக்கும் அதே அளவில் இவற்றிற்கும் மருந்து தெளித்தால் இலை வெந்து வடுப்பட்டுவிடும். ஆகையால் இச்செடிகளுக்குச் சீக்கிரம் பார்ப்பதும், மருந்தை மெதுவாகப் பிரயோகிப்பதும் முக்கியம்.

மாவுப்பூச்சி

இச்செடிகளைப் பீடிக்கும் பூச்சிகளுள் முதன்மையானது மாவுப்பூச்சி. இலையிடுக்கிலும், கணுவிலும், கள்ளியின் முள் அடியிலும், கற்றாழைமடல் தண்டோடு சேரும் குழியிலும் சிறு பஞ்சுத் துணுக்குகள் ஒட்டினாற்போல் காணப்படும். உற்றுநோக்கினால் ஒவ்வொரு துணுக்கும் அரிசிக் குறுநொய்யளவுள்ள, மாவு தூவினாற்போன்ற ஒரு மெல்லிய பூச்சி என்பது விளங்கும். விரலால் நசுக்கினால் ஈரம் கசியும்.

பெண் பூச்சிக்கு இறக்கை கிடையாது. பெரும்பாலான இனங்களில் அது மெழுகு நூலால் பஞ்சுப்பை போன்ற ஒன்றைச் செய்து அதனுள் முட்டையிடுகிறது. ஒரு பெண் 300 முதல் 600 முட்டைகள் வரையிலும் இடும் இனங்களும் உண்டு. முட்டையிடாமல் குஞ்சுகளையே ஈனும் இனங்களும் உண்டு. முட்டைகள் சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாட்களில் பொரிக்கின்றன. வெளிவரும் குஞ்சுகள் மஞ்சள் நிறமாய், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், சுறுசுறுப்பாய் ஊர்ந்து திரிந்து, இளந்தளிரைத் தேடி அங்கே ஊசி போன்ற வாயைச் செருகிச் சாற்றை உறிஞ்சத் தொடங்குகின்றன. உஷ்ணமான பருவத்தில் முட்டை முதல் வளர்ந்த பூச்சி வரை ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடிந்துவிடும். ஆண் பூச்சி மட்டும் கொசுவினும் சிறியதாய் இறக்கையோடு தோன்றிச் சில நாட்களில் மடிந்துபோகும்.

இங்கு விசேஷமாய்க் கவனிக்கத்தக்க விஷயம் யாதெனில், கேடு செய்யும் பெண் பூச்சி பறக்கமாட்டாது என்பதே. குஞ்சுப் பருவத்தில் அது காற்றினாலும், எறும்பினாலும், ஒன்றோடொன்று உராயும் இலைகளினாலும், மனிதர்களின் கை, துணி, கத்தி முதலியவற்றாலும் பக்கத்துச் செடிக்குப் போகிறது. தொலைதூரத்திற்குப் போவது பெரும்பாலும் செடியோடும், கன்றோடும், மண்ணோடும், மனிதன் கொண்டுபோவதனாலேயாம். ஆதலின் இதைத் தடுப்பதும் பெரும்பாலும் மனிதன் கையிலேயே இருக்கிறது.

பூச்சி பிடித்த செடியின் தளிர் சுருங்கும், இலை மஞ்சளித்து மெலியும், புதுவளர்ச்சி நின்றுவிடும். பூச்சி கழிக்கும் தேன் போன்ற பிசுபிசுப்பு இலைமீது படிந்து, அதன்மேல் கரி பூசினாற்போன்ற கரும்பூஞ்சணம் வளரும். இலையில் கரி படிந்திருப்பதையும், தொட்டால் ஒட்டுவதையும் கண்டவுடன், மேலேயுள்ள இடுக்குகளில் பூச்சி உண்டா என்று பார்த்தல் வேண்டும்.

வேர் மாவுப்பூச்சி

இவ்வினத்திலே மண்ணுக்குள் வாழும் ஒரு வகையும் உண்டு. மேலே யாதொரு அடையாளமும் தெரியாமையால் இதுவே அதிக மோசம் விளைவிப்பது. தண்ணீர் ஊற்றியும் செடி தேறாமல் வாடியபடியே இருக்கும். தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் ஊற்றுவர். வேரோ முன்பே சேதப்பட்டிருப்பதால் அழுகிவிடும். செடி அழுகலினால் மடிந்தது என்று முடிவுகட்டி, அதே மண்ணையும் அதே தொட்டியையும் கொண்டு வேறு செடி வைப்பர், அதுவும் மடியும்.

காரணமின்றி ஒரு செடி வாடினால், தொட்டியைச் சாய்த்துத் தட்டி வேர்க்கட்டியைப் பெயர்த்துப் பார்த்தல் நலம். வேர்களிலும், தொட்டியின் உட்புறத்திலும் சுண்ணாம்புத் தூள் போன்ற வெண்படலம் இருப்பின் வேர் மாவுப்பூச்சி உண்டென அறியலாம். தொட்டியின் அடித்துவாரத்தின் வழியாகக் குஞ்சுகள் வெளியேறிப் பக்கத்துத் தொட்டிகளுக்குச் செல்லுமாதலால், ஒரு தொட்டியில் கண்டால் அருகிலுள்ள எல்லாவற்றையும் சோதித்தல் வேண்டும்.

செதிள் பூச்சி

கள்ளித் தண்டிலும் கற்றாழை மடலிலும் வட்டமாகவோ நீளமாகவோ பழுப்பு அல்லது வெண்ணிறப் புள்ளிகள் ஒட்டியிருப்பதுண்டு. செடியின் தழும்பென்று எண்ணிப் பலரும் கவனியாது விடுகின்றனர். நகத்தால் சுரண்டினால் தழும்பு பெயராது. செதிள் பூச்சியாயின் ஓடு தனியே பெயர்ந்து அடியில் மெல்லிய உடல் தெரியும். குஞ்சு ஓரிடத்தில் வாயைச் செருகிய பின் பெரும்பாலும் அங்கேயே இருந்து தன்மேல் ஓட்டைக் கட்டிக்கொள்ளும். மருந்து ஓட்டைக் கடந்து செல்வது கடினம். தேன்கசிவு உள்ள செதிள் பூச்சிகளும் உண்டு. கடினமான தனியோடு உடையவற்றிற்கோ அக்கசிவு கிடையாது. ஆகையால் எறும்பும் வராது. எறும்பு காணாமையால் பூச்சியும் இல்லை என்று நிச்சயித்துவிடலாகாது.

மற்றப் பூச்சிகள்

எருக்கிலும் அரளியிலும் கூட்டங்கூட்டமாக மொய்க்கும் மஞ்சள் நிற அசுவினி அடினியத்தின் தளிரிலும் மொட்டிலும் வருவதுண்டு. தண்ணீரை விசையாய்ப் பீய்ச்சினாலே பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அரளியைத் தின்னும் பெரிய பச்சைப்புழு அடினியத்தையும் தின்னும். பிரண்டையின் தளிரைத் தின்பதும், வாலில் கொம்பு போன்ற நுனியுடையதுமான பெரிய புழுவானது திராட்சைக் கொடிக்கும் சத்துருவான ஓர் அந்துப்பூச்சியின் புழுவாகும். இவற்றைக் கையால் பொறுக்கிவிடுதலே போதும்.

ரணகள்ளி இலையின் உள்ளே சுரங்கம் தோண்டினாற்போல் வெளுத்த தடம் காணப்படின், அது கறுப்பு வெள்ளைப் புள்ளிகளும் பின்னிறக்கையில் செம்மஞ்சள் நிறமும் உள்ள ஒரு சிறு பட்டாம்பூச்சியின் புழு செய்யும் வேலை. புழு தோலுக்குள் இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து அதைச் சேராது. அவ்விலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தினால் செடி மறுபடியும் தழைக்கும். ரணகள்ளி ஓர் இலையிலிருந்தே முளைக்கும் செடியாதலால் இதனால் நஷ்டமில்லை.

எறும்பின் பங்கு

மாவுப்பூச்சி உள்ள இடத்தில் எறும்புகள் வரிசையாக ஏறி இறங்குவதைக் காணலாம். தேன்கசிவுக்காகவே அவை வருகின்றன. கறவைமாட்டைக் காப்பதுபோல் எறும்புகள் இப்பூச்சிகளைக் காத்து, அவற்றைத் தின்னவரும் பொறிவண்டுகளையும், அவற்றின் உடலில் முட்டையிடவரும் சிறு குளவிகளையும் விரட்டுகின்றன. குஞ்சுகளைப் புதுச்செடிக்குத் தூக்கிச் செல்வதும் உண்டு. ஆகையால் எறும்பைத் தடுக்காமல் பூச்சியைமட்டும் ஒழிக்க முயல்வது மடையை அடைக்காமல் தண்ணீரை இறைப்பதற்கு ஒப்பாகும்.

பண்டம் வைக்கும் அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தும் பழைய வழக்கம் இதற்கும் பொருந்தும். அகன்ற தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே ஒரு செங்கல்லை வைத்து, அடித்துவாரம் நனையாதபடி தொட்டியை அதன்மேல் வைக்கலாம். இலைகள் சுவரையோ பிற தொட்டியையோ தொட்டுக்கொண்டிருந்தால் எறும்பு அவ்வழியாக வருமாதலால், தொட்டி தனித்து நிற்கவேண்டும். தட்டிலுள்ள தண்ணீரில் கொசு உற்பத்தியாகாதபடி நான்கு நாட்களுக்கொருமுறை கொட்டி மாற்றுதல் அவசியம்.

சிறு பூச்சியின் பெருவல்லமை

இவ்வளவு சிறிய பூச்சி என்ன செய்துவிடும் என்று நினைப்போர் சப்பாத்திக்கள்ளியின் சரித்திரத்தை அறிதல் நலம். அமெரிக்கக் கண்டத்துச் செடியான சப்பாத்திக்கள்ளி இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டு, வேலியாகவும் புதராகவும் பரவி, சாகுபடி நிலத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் ஆக்கிரமித்தது. சிவப்புச் சாயம் எடுக்கும் நோக்கத்துடன் 1795-ஆம் ஆண்டில் பிரேஸில் தேசத்திலிருந்து கொச்சினீல் என்னும் பூச்சி இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இது மாவுப்பூச்சிக்கு நெருங்கிய உறவுள்ளது, வெண்பஞ்சு போர்த்திருக்கும், நசுக்கினால் இரத்தம் போன்ற சிவந்த நீர் வெளிப்படும். வந்து சேர்ந்ததோ உயர்ந்த சாயம் தரும் இனமன்று. ஆகையால் சாயத்தொழில் தழைக்கவில்லை. ஆனால் அது கள்ளியின் ஒரு வகையைப் பெரும்பாலும் அழித்துவிட்டது. அதனைக் கண்டு 1836-ஆம் ஆண்டையொட்டித் தென்னாட்டிலும் கள்ளியை ஒழிக்கும் பொருட்டே அப்பூச்சியை விட்டனர்.

எஞ்சி நின்ற வேறுவகைக் கள்ளிகளை அப்பூச்சி தொடவில்லை. ஆதலின் 1926-ஆம் ஆண்டில் அதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றோர் இனம் இலங்கை வழியாகத் தருவிக்கப்பட்டுத் தென்னிந்தியாவில் விடப்பட்டது. கத்திக்கும் நெருப்புக்கும் அடங்காத கள்ளிக்காடுகள் சில ஆண்டுகளில் வாடிச் சாய்ந்தன. அங்கே நன்மை செய்தது மனிதன் தேர்ந்து விட்ட பூச்சி. அதே வல்லமை வேண்டாத இடத்தில் வந்தால் எவ்வளவு கேடு விளையும் என்பதை ஊகித்தறியலாம்.

ஊகிக்கவும் வேண்டுவதில்லை, கண்கூடாகவே நேர்ந்தது. மெக்ஸிகோவையும் அதனையடுத்த தேசங்களையும் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008-ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் முதன்முதலாகக் காணப்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி முதலிய பயிர்களில் பரவிப் பெருஞ்சேதம் விளைவித்தது. பெண்ணுக்கு இறக்கையில்லாத அப்பூச்சி கடல் கடந்து தானே பறந்து வரவில்லை. செடிகொடிகளோடு வந்து சேர்ந்ததாகவே கொள்ளல் வேண்டும். விஷமருந்துகளால் அதனை அடக்க இயலவில்லை. 2010-ஆம் ஆண்டில் போர்ட்டோரிக்கோ தீவிலிருந்து மூன்று வகைச் சிறு குளவிகள் பெங்களூரிலுள்ள மத்திய சர்க்கார் ஆராய்ச்சி நிலையத்தின் மூலம் தருவிக்கப்பட்டு, கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாகவும் விடப்பட்ட பின்னரே அது அடங்கியது. மரவள்ளி மாவுப்பூச்சி என்னும் வேறோர் இனம் 2020-ஆம் ஆண்டில் கேரளத்தில் காணப்பட்டு, பின் சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளிக்கும் பரவியது. அதுவும் நடுகரணையோடு பயணம் செய்யும் இயல்புடையதே. செடி வாங்கும் கையும் கொடுக்கும் கையும் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்பதற்கு இவை போதிய திருஷ்டாந்தங்கள்.

நண்பனைச் சத்துரு என்று எண்ணாமை

மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டு ஒன்று 1898-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வண்டு கறுப்பாய், தலைப்பக்கம் செம்மஞ்சளாய் இருக்கும். இதன் புழுவும் மாவுப்பூச்சியைப் போலவே வெண்மெழுகு போர்த்திருப்பதால் பலர் இதனையே பெரிய மாவுப்பூச்சி என்று எண்ணி நசுக்கிவிடுகின்றனர். இரண்டிற்கும் வித்தியாசம் எளிது. மாவுப்பூச்சி தொட்டால் மெதுவாக நகரும், அல்லது நகராது. வண்டின் புழு அதனினும் பெரியது. உடலில் நீண்ட மெழுகுக் குஞ்சங்கள் தொங்கும். தொட்டால் வேகமாய் ஓடும். இவ்வித புழு காணப்படும் செடிக்கு மருந்து தெளியாது, சில வாரம் அதன் போக்கில் விட்டுப் பார்ப்பதே மேல்.

பரிகார முறைகள்

1. பிரித்து வைத்தல்: பூச்சி கண்ட தொட்டியை உடனே மற்றத் தொட்டிகளினின்று அகற்றித் தனியே வைக்கவேண்டும். அதனைத் தொட்ட கையையும் கத்தியையும் சோப்பினால் கழுவாமல் வேறு செடியைத் தொடலாகாது.

2. கையால் அகற்றல்: பூச்சி சிறிதளவே இருப்பின் இதனினும் சிறந்த முறை வேறில்லை. ஒரு குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, ஆஸ்பத்திரியில் தோல் துடைக்க உபயோகிக்கும் ஸ்பிரிட்டில் நனைத்து, ஒவ்வொரு பூச்சியின்மீதும் பஞ்சுப்பையின்மீதும் தொட்டு எடுக்கவேண்டும். மெழுகு கரைந்து பூச்சி உடனே மடியும். செதிள் பூச்சியை மழுங்கிய குச்சியால் அல்லது பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பெயர்த்த பின்பு ஸ்பிரிட் தொடவேண்டும். ஸ்பிரிட் தீப்பற்றக்கூடியதாதலால் விளக்கு, அடுப்பு இவற்றினருகே இவ்வேலை செய்யலாகாது.

3. சோப்புக் கரைசல்: பூச்சி அதிகமாயிருப்பின் முதலில் தண்ணீரை விசையாய்ப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 கிராம் வரை மீன் எண்ணெய்ச் சோப்பேனும் சாதாரணக் குளியல் சோப்பேனும் சீவிக் கரைத்து, இடுக்குகளில் படும்படி தெளிக்கலாம். துணி வெளுக்கும் காரத்தூள் கூடாது. தெளித்து ஓரிரண்டு மணி நேரத்திற்குப் பின் நல்ல தண்ணீரால் கழுவிவிடுதல் வேண்டும்.

4. வேப்பெண்ணெய்: மேற்படி சோப்புக் கரைசல் ஒரு லிட்டரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயைக் கலந்து, பால்போல் ஆகும்வரை நன்றாகக் குலுக்கித் தெளிக்கலாம். மாலையில் தெளித்து நிழலில் வைக்கவேண்டும். வெயிலில் எண்ணெய் பட்ட இலை வெந்துவிடும். ரணகள்ளி இனங்களுக்கும், இலைமீது சாம்பல் பூத்த செடிகளுக்கும் எண்ணெயும் சோப்பும் ஒவ்வாமை செய்வதுண்டு. ஆகையால் முதலில் ஓர் இலையில்மட்டும் தடவி இரண்டு நாள் பார்த்துப் பின்பு முழுச்செடிக்கும் தெளிப்பதே விவேகம்.

5. திரும்பத் திரும்பச் செய்தல்: ஒருமுறை தெளித்தவுடன் பூச்சி ஒழிந்தது என்று விட்டுவிடுவதே பெரும்பாலும் பரிகாரம் பலியாமைக்குக் காரணம். பஞ்சுப்பைக்குள் இருக்கும் முட்டைகளை மருந்து சேர்வதில்லை. ஒரு வாரம் பத்து நாட்களில் அவை பொரித்துவிடும். ஆகவே வாரம் ஒருமுறையாக நான்கு வாரம் விடாது செய்யவேண்டும். அதன்பின் ஒரு மாதம் பூச்சி காணாதிருந்தால்மட்டுமே அத்தொட்டியைப் பழைய இடத்திற்குக் கொண்டுவரலாம்.

6. வேர்ப்பூச்சிக்கு: செடியைப் பிடுங்கி, மண்ணை முழுதும் உதிர்த்து, வேரைத் தண்ணீரில் அலசி, கெட்ட வேர்களைக் கத்தரித்துவிட்டு, நிழலில் நான்கைந்து நாள் உலர்த்தவேண்டும். மற்றச் செடிகளாயின் இதனால் மடிந்துபோகும். சதைப்பற்றுள்ள செடிகளோ தம் சேமிப்பைக்கொண்டு தாங்கும். இக்குணமே இங்கு பெரிய அனுகூலம். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மண்தொட்டியாயின் கொதிநீர் ஊற்றி, புதுமண் இட்டு நடவேண்டும். நட்ட பின் ஒரு வாரம் தண்ணீர் ஊற்றலாகாது. வெட்டுவாய் ஆறுமுன் தண்ணீர் பட்டால் அழுகும். பழைய மண்ணைத் தோட்டத்திலோ எருக்குழியிலோ கொட்டாமல், கல்தளத்தில் மெல்லிதாகப் பரப்பி ஈரமாக்கி, பாலிதீன் தாளால் மூடிக் கோடை வெயிலில் சில வாரம் காயவிட்டால் பூச்சியும் முட்டையும் மடிந்துபோகும்.

தவிர்க்கவேண்டியவை

கற்றாழை, பிரண்டை, கற்பூரவள்ளி ஆகிய மூன்றும் வீட்டார் வாயில் போடும் பண்டங்கள். கற்பூரவள்ளி இலையைக் குழந்தைகளுக்கு இருமலுக்குக் கொடுப்பது சகஜம். பயிருக்கு வாங்கி மிகுந்த விஷமருந்தை இச்செடிகளுக்குத் தெளிப்பது எவ்விதத்திலும் தகாது. முற்காலத்தில் சிபாரிசு செய்யப்பட்ட புகையிலைக் கஷாயமும் மனிதர்க்குக் கொடிய விஷமேயாதலால் இவற்றிற்கு ஆகாது. சில பூச்சிமருந்துகள் செடியின் சாற்றோடு கலந்து உள்ளேயே தங்குவன. அவ்வித மருந்திட்ட கற்றாழையை மேலே கழுவினாலும் சோற்றிலுள்ள விஷம் நீங்காது. டி.டி.டி. என்னும் மருந்து ஒரு காலத்தில் எல்லாப் பூச்சிக்கும் சஞ்சீவியாக எண்ணப்பட்டு, பின்னர் 1989-ஆம் ஆண்டில் இந்தியாவில் விவசாய உபயோகத்திற்குத் தடைசெய்யப்பட்டது. அது போன்ற மருந்துகள் பொறிவண்டையும் குளவியையும் முதலில் கொன்று, மெழுகுப் போர்வையுள்ள பூச்சியை மிச்சம் வைப்பதால், பீடை முன்னினும் அதிகமாவதுண்டு.

திருக்கள்ளி, சதுரக்கள்ளி, இலைக்கள்ளி முதலியவற்றைக் கத்தரிக்கையில் வடியும் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் பார்வைக்கு அபாயமும் உண்டாகும். கண்ணையும் கையையும் மூடிக்கொண்டு வேலை செய்வதோடு, தப்பித்தவறிப் பட்டால் நிறையத் தண்ணீரால் நெடுநேரம் கழுவி உடனே வைத்தியரிடம் காட்டவேண்டும்.

பாதிக்குமேல் பூச்சி மூடிய செடியைக் காப்பாற்ற முயல்வதைவிட, பூச்சியில்லாத ஒரு கிளையை அல்லது பக்கக்கன்றை எடுத்துக் கழுவித் தனியே நட்டு, தாய்ச்செடியை எரித்துவிடுவது உத்தமம். அதனைக் குப்பையிலோ வாய்க்காலிலோ எறிந்தால் குஞ்சுகள் அங்கிருந்து பக்கத்துச் செடிகளுக்கு ஏறும். வாய்க்கால் நீரோ பூச்சி பிடித்த கிளையை அயல் வயலுக்குக் கொண்டுசேர்க்கும்.

வருமுன் காத்தல்

புதிதாக வாங்கிய செடியை முப்பது நாள் தனியே வைத்துப் பார்த்து, வேரையும் ஒருமுறை சோதித்த பின்பே மற்றவற்றோடு சேர்க்கவேண்டும். உறவினர் அன்போடு கொடுத்த கன்றாயினும் இவ்விதியினின்று விலக்களிக்கலாகாது. செம்மண்ணும் மணலும் நன்கு மக்கிய எருவும் கலந்து, தண்ணீர் தேங்காத தொட்டியில் நட்டு, மண் காய்ந்த பின்பே நீர் ஊற்றவேண்டும். யூரியா முதலிய தழைச்சத்து உரம் மிகுந்தால் தளிர் மென்மையாகிப் பூச்சிக்கு விருந்தாகும். வெளிச்சமும் காற்றும் படாத மூலையில் செடி நோஞ்சலாகி எளிதில் பீடிக்கப்படும். பதினைந்து நாட்களுக்கொருமுறை இலையிடுக்கையும் அடிப்புறத்தையும் பார்ப்பதற்கு ஒரு வீட்டில் அரைமணி நேரம் போதும்.

கிராம அதிகாரிகள் தம் பொறுப்பிலுள்ள பஞ்சாயத்துக் கட்டடம், பாடசாலை முதலிய இடங்களில் வைத்துள்ள தொட்டிகளை முதலில் சோதிப்பித்தல் நலம். அவ்விடங்களிலிருந்தே பலரும் கன்று எடுத்துச் செல்கின்றனர். கற்றாழையையும், கள்ளியினமாகிய டிராகன் பழத்தையும் பயிராகச் சாகுபடி செய்வோர் உள்ள கிராமங்களில் இது மேலும் அவசியம். இதுகாறும் காணாத புதுவிதப் பூச்சி தென்பட்டால், அதனை இலையோடு ஒரு மூடிய புட்டியில் இட்டு, செடியின் பெயர், ஊர், தேதி இவற்றை எழுதி, சமீபத்திலுள்ள விவசாய இலாகா உத்தியோகஸ்தரிடம் சேர்ப்பிக்கவேண்டும். பூச்சியை உயிரோடு திறந்தபடி கொண்டுபோவது அதனை வழியெல்லாம் விதைத்துச் செல்வதாகும்.

சுருக்கம்

(1) மாவுப்பூச்சியின் பெண் பறக்காது. தூரத்திற்கு அதனைக் கொண்டுசெல்வது பெரும்பாலும் மனிதனே. (2) பிசுபிசுப்பு, கரும்பூஞ்சணம், எறும்பு வரிசை ஆகிய மூன்றும் முதல் அடையாளங்கள். (3) தண்ணீர் ஊற்றியும் வாடும் செடியின் வேரைப் பார்க்கவேண்டும். (4) ஸ்பிரிட், சோப்பு, வேப்பெண்ணெய் இவை போதும். வாரம் ஒருமுறையாக நான்கு வாரம் செய்யவேண்டும். (5) உண்ணும் செடிக்கு விஷமருந்து ஆகாது. (6) புதுச்செடியை முப்பது நாள் தனியே வைக்கவேண்டும். (7) பழைய மண்ணும் பட்ட செடியும் வயலுக்குப் போகலாகாது.

வீட்டு வாசலிலுள்ள ஒரு தொட்டியைச் சுத்தமாக வைத்திருப்பவர் தம் வயலை மட்டுமன்றி அண்டைவயலையும் காப்பவராவர். இவ்வேலைக்குச் செலவு சொற்பம். வேண்டுவது இடைவிடாத கவனமேயாம்.